பிடியரிசியும் பேராயரும்: வே. சா. அசரியாவின் வாழ்வில் ஈகையின் திசைமாற்றம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கிறிஸ்தவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அச்சு, அகராதி, இலக்கணம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை மையமிட்டே அமைந்துள்ளன. சபை மக்கள் தம் உழைப்பிலிருந்து எடுத்து வைத்த சிறு காணிக்கைகள் எவ்வாறு மாநில எல்லையும் மொழி எல்லையும் கடந்த தொண்டாக மாறின என்பது போதிய கவனம் பெறவில்லை. ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் (1874–1945) வாழ்க்கையை இந்நோக்கில் அணுகும் இக்கட்டுரை, பெறுநராக இருந்த ஒரு மக்கள்திரள் ஈவோராக மாறியதையும், அம்மாற்றம் எழுப்பிய சிக்கல்களையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அசரியா, திருநெல்வேலி, இந்திய மிஷனரி சங்கம், தோர்ணக்கல், பிடியரிசி, ஒப்புரவு, தரங்கம்பாடி மாநாடு.

முன்னுரை

திருநெல்வேலிச் சீமையின் தென்மேற்கே டோனாவூர் என்றொரு சிற்றூர் உள்ளது. ஊரின் பெயர் தமிழ்ப்பெயர் அன்று. 1827ஆம் ஆண்டளவில் இரேனியஸ் ஐயரின் வேண்டுகோளை ஏற்றுப் பணம் அனுப்பிய பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. இப்பெயர் ஒரு காலத்தின் பொருளியலைச் சுருங்கக் காட்டுகிறது. கொடுப்பவர் கடல் கடந்த ஒருவர். பெறுபவர் பனங்காட்டு உழைப்பாளி. கொடையாளியின் பெயர் ஊருக்கு நிலைத்தது; ஊரில் குடியேறியோரின் பெயர்கள் சபைப் பதிவேடுகளுக்குள் அடங்கின.

இரேனியஸ் தமிழ் இலக்கண நூலாசிரியராகத் தமிழுலகம் அறிந்தவர். அவரே 1830இல் தரும சங்கம் என்னும் அமைப்பையும் தோற்றுவித்தார். மதம் மாறியதால் குடியிருப்பை இழந்தோருக்கு நிலம் வாங்கித் தருவது அதன் தலையாய பணி. அச்சங்கத்துக்கு உள்ளூர்ச் சபையாரும் பொருளளித்தனர் என்பது கருதத்தக்கது. ஆயினும் மிஷன் பணியின் பெருஞ்செலவை ஐரோப்பியச் சங்கங்களே தாங்கின. ஆசிரியர் ஊதியம், கட்டடம், மருத்துவம் என யாவும் இலண்டனிலிருந்து வந்த பணத்தால் நடந்த காலம் அது. தாது வருடப் பஞ்சத்தின்போது (1876–78) பல்லாயிரவர் சபைகளில் சேர்ந்தனர். அரிசிக்காக மதம் மாறியோர் என்னும் ஏளனம் தென்மாவட்டங்களில் பரவி வேரூன்றியதில் அப்பஞ்சத்துக்கும் பங்குண்டு. அசரியா அப்போது சிறு குழந்தை. அந்த ஏளனத்துக்கான விடையை அவர் தலைமுறை அரிசியைக்கொண்டே எழுத நேர்ந்தது.

வெள்ளாளன்விளை

அசரியா 1874 ஆகஸ்ட் 17ஆம் நாள் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபைக் குருவானவர். இந்து நாடார் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் பயின்ற காலத்தில் கிறிஸ்தவரானவர். தாய் எலன். நெடுநாள் மகப்பேறின்றி வேண்டிப் பெற்ற மகனுக்குப் பெற்றோர் சாமுவேல் எனப் பெயரிட்டதில் விவிலிய மரபு தெரிகிறது. அன்னாள் வேண்டிப் பெற்ற பிள்ளையின் பெயர் அது. அசரியா என்ற எபிரேயச் சொல்லுக்கு இறைவன் துணைநின்றார் என்பது பொருள். 1889இல் தந்தை மறைந்தபின் தாயின் கண்டிப்பில் வளர்ந்தார்.

மெஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியிலும், திருநெல்வேலியில் சர்ச் மிஷனரி சங்கம் நடத்திய கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். திருநெல்வேலியில் மாணவராக இருந்தபோதே சாதிவேறுபாட்டைக் கடக்கும் நோக்கில் மாணவர் சங்கம் ஒன்று தோன்ற உழைத்தார். அக்காலக் கிறிஸ்தவ விடுதிகளில் பந்தியும் படுக்கையும்கூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததை எண்ணினால் இம்முயற்சியின் கடுமை விளங்கும். சென்னையில் தேர்வுக் காலத்தில் நோயுற்றதால் இளங்கலைப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அங்கு அவருக்குத் தோழராக அமைந்தவர்களுள் ஒருவர் சேலத்தில் பிறந்த கனகராயன் திருச்செல்வம் பால். பிற்காலத்தில் கே. டி. பால் எனப் புகழ்பெற்று, கிராமக் கூட்டுறவு இயக்கத்திலும் வட்டமேசை மாநாட்டிலும் பங்காற்றிய அவரும் அசரியாவும் ஒரே வினாவை இரு வழிகளில் தொடர்ந்தனர். வெளிநாட்டுப் பணம் நின்றுபோனால் இந்தியச் சபைகள் நிற்குமா என்பதே அவ்வினா.

1895இல் அசரியா வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலராகச் சேர்ந்தார். அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி அடுத்த ஆண்டில் இந்தியா வந்து அவருடன் இணைந்தார். இருவரும் ஊர் ஊராகச் சுற்றினர். ஒரே மேசையில் உண்பதும் ஒரே அறையில் தங்குவதும் இவர்களுக்கு இயல்பாயிற்று. வெள்ளையர் ஒருவரோடு சமநிலையில் பழகிய இந்த அனுபவமே பின்னர் எடின்பரோவில் அவர் பேசியதற்கு அடிப்படையாக அமைந்தது எனலாம். தாம் துய்த்த நட்பு விதிவிலக்கு என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார்.

யாழ்ப்பாணம் கற்பித்தது

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். 1816 முதல் அமெரிக்க மிஷன் பணிபுரிந்த நாடு அது. வட்டுக்கோட்டைக் குருமடம் வழியாகத் தமிழுக்குச் சி. வை. தாமோதரம்பிள்ளை முதலானோரை அளித்த நாடு. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்களும் ஆசிரியர்களும் தமக்குள் பொருள் திரட்டி, பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்குத் தொண்டர்களை அனுப்பி வந்தனர். தொகை பெரியதன்று. ஆயினும் ஒரு சிறு தீபகற்பத்துச் சபை தன் ஆட்களைத் தன் பணத்தில் கடல்கடந்து அனுப்புவதைக் கண்ட திருநெல்வேலித் தமிழருக்கு அது நாணத்தைத் தந்தது. எண்ணிக்கையில் யாழ்ப்பாணத்தாரைவிடப் பன்மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை தன் எல்லைக்கு வெளியே ஒருவரையும் அனுப்பியிருக்கவில்லை.

இலங்கைத் தமிழரின் இவ்வியக்கம் தமிழகத் திருச்சபை வரலாறுகளில் ஓரிரு வரிகளில் கடந்துவிடப்படுகிறது. தமிழியல் வரலாற்றில் பதிப்புத் துறையில் யாழ்ப்பாணம் முன்னோடியாக நின்றதை விரிவாகப் பேசும் ஆய்வுலகம், அறப்பணி அமைப்பிலும் அது முன்னோடியாக நின்றதைச் சேர்த்துக் காண்பது பொருந்தும்.

திருநெல்வேலி திரும்பிய அசரியா வாளாவிருக்கவில்லை. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் நிறுவப்பெற்றது. அசரியா அதன் செயலரானார். இந்தியரின் ஆள்வலி, இந்தியரின் பணம், இந்தியரின் நிருவாகம் என்பன சங்கத்தின் அடிப்படை நெறிகள். வெளிநாட்டு நிதியை நாடுவதில்லை என்னும் முடிவு அன்றைய நிலையில் துணிச்சலானது. 1905 டிசம்பர் 25ஆம் நாள் வங்காளத்துச் சிராம்பூரில், வில்லியம் கேரியின் பெயரோடு இணைந்த நூலகத்தில் தேசிய மிஷனரி சங்கம் தோன்றியபோதும் இதே நெறி அனைத்திந்திய அளவில் ஏற்கப்பட்டது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்தெழுந்த ஆண்டு அது. துணியிலும் உப்பிலும் தேசியம் கண்டவர் பலர். அதே மாதங்களில் காணிக்கைப் பெட்டியிலும் ஒரு சுதேசியம் உருவாகிக்கொண்டிருந்ததை விடுதலை இயக்க வரலாறுகள் பொருட்படுத்தவில்லை.

பிடியரிசி என்னும் நிறுவனம்

பணம் எங்கிருந்து வந்தது? திருநெல்வேலிச் சபையாருள் பெரும்பாலோர் பனையேறிகள், சிறு உழவர்கள், சிறு வணிகர்கள். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும் உபதேசியாரும் சிறுபான்மையினர். நாணயம் கைக்கு வருவதே பருவத்துக்கு ஒருமுறை. எனவே காணிக்கை பொருளாகவே பெரிதும் அமைந்தது. அவற்றுள் தலையாயது பிடியரிசி. உலையேற்றும்போது குடும்பத்தலைவி அன்றைய அளவிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக்கலயத்தில் இடுவாள். கலயம் நிறைந்ததும் அது சபைக்குச் செல்லும், விற்றுப் பணமாகும். அறுப்பின் பண்டிகையில் நெல், கருப்பட்டி, கோழி, காய்கனி முதலியன ஏலம் விடப்படும். அசரியா இவ்வழக்கத்தைப் பிற்காலத்தில் தெலுங்கு நாட்டுச் சபைகளிலும் பரப்பினார்.

பிடியரிசி கிறிஸ்தவர்க்கே உரிய வழக்கமன்று. மடங்களுக்கும் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் தமிழ்ப்பெண்டிர் பிடியரிசி வழங்கிய மரபு பரவலாக உண்டு. சபை அதனைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை ஒழுங்குபடுத்தியது. இம்முறையின் சிறப்பு இரு கூறுகளில் அடங்கும். ஒன்று, கொடுப்பவர் பெண். வருவாய்மீது உரிமையற்ற பெண்ணுக்கு அடுக்களையின்மீது உரிமை இருந்தது. தோட்டத்து நிலமோ பனங்காடோ அவள் பெயரில் இல்லை. அளவுபடி அவள் கையில் இருந்தது. இரண்டு, கொடை நாள்தோறும் நிகழ்வது. செல்வர் ஒருவர் ஒரே தவணையில் தருவதற்கும், வறியவர் பலர் நாள்தோறும் தருவதற்கும் உள்ள வேறுபாடு தொகை வேறுபாடு மட்டுமன்று. முன்னது ஊருக்குப் பெயரைத் தரும்; பின்னதில் கொடுத்தவர் பெயரே தெரியாது.

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களில் வைத்துப் பேசுகிறது. ஊரோடு பொருந்தி வாழ்வார் கடமையாகச் செய்வது ஒப்புரவு என்றும், இல்லார்க்கு உள்ளார் இரங்கித் தருவது ஈகை என்றும் கொண்டால், மிஷன்களின் 19ஆம் நூற்றாண்டு அறப்பணி ஈகையின் வடிவைப் பெற்றிருந்தது. அசரியா வேண்டியது ஒப்புரவின் வடிவம். அவர் ஆங்கிலத்தில் எழுதிய கிறிஸ்தவக் கொடை பற்றிய சிறுநூல் விவிலியச் சான்றுகளையே தளமாகக் கொண்டது. குறளை அது ஆதாரமாக எடுக்கவில்லை. எனினும் கொடை என்பது வழிபாட்டின் பகுதி, ஏழைக்கும் விலக்களிக்க இயலாத கடமை என அது வற்புறுத்தும் முறை, தமிழ் அறநூல் மரபில் தோய்ந்த வாசகர்க்கு அயலாகத் தோன்றாது.

தோர்ணக்கல்

சங்கத்தின் முதல் தொண்டராகச் சாமுவேல் பாக்கியநாதன் 1904இல் நிஜாமின் ஐதராபாத்துச் சமஸ்தானத்திலிருந்த மானுகோட்டைக்குச் சென்றார். இன்று மகபூபாபாத் என வழங்கும் ஊர் அது. அதனருகே தோர்ணக்கல் ஒரு தொடர்வண்டிச் சந்திப்பு. திருநெல்வேலித் தமிழருக்கு அது எவ்வகையிலும் அயல்நாடே. மொழி தெலுங்கு, அலுவல் மொழி உருது, ஆட்சி பிரிட்டிஷாரது நேரடி ஆட்சி அன்று, நாணயமும் வேறு. எனவே பாளையங்கோட்டைச் சபை தன் பணியை உள்நாட்டுப் பணி என்று கூறியதா, அயல்நாட்டுப் பணி என்று கூறியதா என்னும் வினாவுக்கு இரண்டுமே விடையாகும்.

1909இல் அசரியா வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பணியை விட்டுக் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குக் குடியேறினார். வயது முப்பத்தைந்து. தொடக்கத்தில் கூடாரத்திலேயே தங்கினார். அகவை முதிர்ந்தபின் தெலுங்கை எழுத்திலிருந்து கற்றார். பின்னர் அம்மொழியிலேயே போதிக்கவும் எழுதவும் வல்லவரானார். சென்னையில் பெரும்பதவிக்கு வாய்ப்பிருந்தும் அவர் இதனைத் தேர்ந்தார். சொல்லிய ஒன்றைச் செய்தும் காட்ட வேண்டும் என்னும் பிடிவாதம் அவர் வாழ்வு முழுவதும் தென்படுகிறது. உடன்பணியாற்றியோர்க்கு அது எப்போதும் எளிதாக இருந்திராது.

எடின்பரோ

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வந்திருந்த பேராளர் 1200க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஆசியர் இருபதின்மருக்கும் குறைவு. அசரியா அங்கு அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பைப் பற்றிப் பேசினார். மிஷனரிகளின் தன்னலமறுப்பை நன்றியோடு ஏற்றார். பின்னர், இருசாராருக்கும் இடையிலான உறவு படியளப்பவர்க்கும் ஊழியருக்கும் உள்ள உறவாகவே தொடர்கிறது என்றும், இந்திய ஊழியரை வீட்டுக்கு அழைத்து உடனிருந்து உண்ணும் மிஷனரிகள் மிகச்சிலர் என்றும் எடுத்துக்காட்டினார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை உள்ளடக்கி அவர் உரையை முடித்தார். உடைமையைக் கொடுத்தீர், உடலையும் கொடுத்தீர். இனி நட்பைத் தாருங்கள் என்னும் கருத்தில் அமைந்த அம்முடிவு அவையில் அதிர்வை உண்டாக்கியது. மனம் புண்பட்டோரும் இருந்தனர்.

இவ்வுரையை இனவேற்றுமைக்கு எதிரான குரலாகவே பலரும் படிக்கின்றனர். அது சரியே, முழுமையன்று. கொடையால் உறவு பழுதுபடக்கூடும் என்னும் நுண்ணிய கருத்து அதனுள் உண்டு. பொருளை மட்டும் பெறுபவர் கடனாளியாகிறார். நட்பையும் பெறுபவரே திருப்பித் தர இயல்கிறது. ஏழு ஆண்டுகளாகப் பிடியரிசிப் பணத்தில் ஒரு சங்கத்தை நடத்திய பின்னரே அசரியா அவ்வாறு பேசினார் என்பதை மறத்தலாகாது. வெறுங்கையோடு நின்று கேட்டவர் அல்லர்.

பேராயர்

சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட்டின் முயற்சியால் தோர்ணக்கல் தனித் திருமண்டலமாயிற்று. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா அதன் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வருவது அதுவே முதன்முறை. எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. இந்தியக் கிறிஸ்தவருள்ளும் அவருடைய சாதிப் பின்புலத்தைக் கருதி ஐயுற்றோர் இருந்தனர்.

முதலில் சிறியதாக இருந்த திருமண்டலம் 1920களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதிகளையும் உள்ளடக்கி விரிந்தது. ஆங்கில மிஷனரிகள் இந்தியர் ஒருவரின் ஆளுகையின்கீழ்ப் பணிபுரிந்தனர். மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகத்தார் ஊர் ஊராகச் சபையில் சேர்ந்தனர். அசரியா இறக்கும் காலத்தில் திருமண்டலத்தின் திருமுழுக்குப் பெற்றோர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்தது. கிராமப் பள்ளி, மருந்தகம், பண்ணை, குருக்களைப் பயிற்றும் இறையியல் பள்ளி ஆகியவை எழுந்தன. பயிற்சிக்கு வருவோர் மனைவியரோடு வரவேண்டும். மனைவியருக்கும் தனிப்பாடம் உண்டு. அன்பு மாரியம்மாள் பெண்களிடையே ஆற்றிய பணி கணவர் பணியின் நிழலில் மறைந்துபோனது; அதனைத் தனியே ஆராய இடமுண்டு.

புதிதாகச் சேர்ந்த ஊரிடமும் அவர் முதலில் எதிர்பார்த்தது காணிக்கை. நிலமற்ற கூலிகளிடம் கேட்பது கொடுமையல்லவா என்னும் வினா அக்காலத்திலேயே எழுந்தது. பிறப்பால் இரவலர் என்று முத்திரையிடப்பட்டவர்க்குக் கொடுப்பவர் என்னும் நிலை ஒரு விடுதலை என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணத்தில் உண்மை உண்டு. ஆயினும் கூலி உயர்வும் நிலவுரிமையும் இல்லாத இடத்தில் தன்மதிப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அவருடைய திட்டம் முழுதாக எதிர்கொண்டது எனக் கூறல் இயலாது. மேலும், மாலருக்கும் மாதிகருக்கும் இடையிலான பிரிவினையைச் சபைக்குள் முற்றிலும் ஒழிக்க அவரால் இயலவில்லை. தமிழர் ஈவோராகவும் தெலுங்கர் பெறுவோராகவும் நின்ற தொடக்கநிலை, ஐரோப்பியர்–இந்தியர் உறவின் சாயலைத் தன்னுள் கொண்டிருந்தது என்பதும் மறுக்கவொண்ணாதது. தெலுங்கரையே குருக்களாக விரைந்து உருவாக்கியமை அச்சாயலை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும்.

இலக்கியப் பணி: ஒரு குறிப்பு

தமிழாய்வாளர் அசரியாவை நினைவுகூரத் தனிக்காரணம் ஒன்றுண்டு. இந்திய மரபுச் செல்வ வரிசை என்னும் ஆங்கில நூல் வரிசைக்கு ஜே. என். ஃபர்குவாருடன் அவர் இணைப்பதிப்பாசிரியராக விளங்கினார். பிற சமய இலக்கியங்களைப் பரிவோடும் புலமையோடும் அறிமுகம் செய்வது அவ்வரிசையின் நோக்கம். தேவார, திருவாசகப் பாடல்களின் மொழிபெயர்ப்பாகக் கிங்ஸ்பரியும் பிலிப்ஸும் 1921இல் வெளியிட்ட நூல் அவ்வரிசையில் வந்தது. கிங்ஸ்பரி வேறு யாருமல்லர், சி. வை. தாமோதரம்பிள்ளையின் மைந்தர் அழகசுந்தரமே. ஹூப்பரின் ஆழ்வார் பாடல் மொழிபெயர்ப்பு (1929), ஈரோட்டுப் பகுதியில் இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் பணிபுரிந்த எச். ஏ. பாப்லியின் இந்திய இசை பற்றிய நூல் (1921), அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு (1931) ஆகியனவும் அவ்வரிசையைச் சேர்ந்தவையே. கிராமத்துக் கூலியிடம் பிடியரிசி கேட்ட கையே திருவாசகத்தின் ஆங்கில வடிவுக்கும் துணைநின்றது. மதமாற்றத்தில் உறுதியாக நின்ற ஒருவர் இப்பணியையும் செய்தது முரண் எனச் சிலர்க்குத் தோன்றலாம். பெறுவதற்கு மறுப்பவர் கொடுப்பதற்கும் தகுதியற்றவர் என்னும் அவருடைய எடின்பரோக் கருத்தோடு சேர்த்துப் பார்த்தால் முரண் தளர்கிறது.

காந்தியடிகளோடு மாறுபாடு

1930களில் ஒடுக்கப்பட்டோர் மதமாற்றம் நாட்டின் பெருஞ்சிக்கலாயிற்று. 1935இல் அம்பேத்கர் இந்து சமயத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தபின் விவாதம் சூடேறியது. பள்ளியும் மருத்துவமும் மதமாற்றத்துக்குத் தூண்டிலாகின்றன என்பது காந்தியடிகளின் கருத்து. தொண்டு செய்க, மதமாற்றம் வேண்டா என்பது அவர் நிலை. தெலுங்கு நாட்டு மக்கள் இயக்கத்தை முன்னின்று நடத்திய அசரியா இதனை ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் தம் சமயத்தைத் தாமே தேரும் அறிவற்றவர் எனக் கொள்வது அவர்களை மேலும் இழிவுபடுத்துவதாகும் என்பது அவர் வாதம். அதே அசரியா, கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டுவதை எதிர்த்தார் என்பதையும் உடன்வைத்துக் காணவேண்டும். சமயம் வேறாயினும் அரசியலில் தனித்து நிற்றல் தகாது என்பது அவர் கொள்கை.

இருபெரியோரும் ஏழையின் பேரால் பேசினர். வயலில் நின்ற மாதிகப் பெண் என்ன கருதினாள் என்பதற்கான ஆவணங்கள் இருபக்கத்திலும் அருகியே உள்ளன. அவள் கலயத்தில் இட்ட அரிசி மட்டும் சபைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது.

தரங்கம்பாடியிலிருந்து கொங்குநாடு வரை

1919 மே 1, 2 ஆகிய நாள்களில் தரங்கம்பாடியில் குருமார் 33 பேர் கூடித் தென்னிந்தியச் சபைகளின் ஒன்றிப்புக்கு அறைகூவல் விடுத்தனர். சீகன்பால்கு கரையிறங்கிய அதே ஊர். தலைமை அசரியா. கூடியோருள் இருவர் தவிர ஏனையோர் இந்தியர். அவ்விருவருள் ஒருவர் எட்டி. மற்றொருவர் மேற்சுட்டிய பாப்லி.

பாப்லியின் வருகை கொங்குநாட்டு வரலாற்றோடு தொடர்புடையது. கோயம்புத்தூரில் 1830இல் பணிதொடங்கிய இலண்டன் மிஷனரி சங்கத்தின் சபைகள் 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தவை. திருநெல்வேலியைப் போலப் பேராயர் ஆளுகை மரபு அவற்றுக்கு இல்லை. சபையாரே தம்மை ஆண்டுகொள்ளும் மரபு அவற்றுடையது. பேராயரை ஏற்பதா என்னும் கேள்வியே ஒன்றிப்புப் பேச்சை இருபத்தெட்டு ஆண்டுகள் இழுத்தடித்தது. அசரியா அப்பேச்சுகளைக் கைவிடாது நடத்தினார். சிற்றூரில் ஒரே தெருவில் இரு சபைகள் இரு காணிக்கைப் பெட்டிகளோடு போட்டியிடுவது ஏழைக்குச் சுமை என்னும் நடைமுறைக் காரணமும் அவர் ஆர்வத்துக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடும்.

1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, இந்தியத் தேசியக் கிறிஸ்தவப் பேரவையின் தலைவர் அசரியா. எடின்பரோவில் விரல்விட்டு எண்ணத்தக்கோராய் இருந்த ஆசியரும் ஆப்பிரிக்கரும் இங்குப் பெருந்தொகையினராக வந்திருந்தனர். 1939 ஜனவரி 6ஆம் நாள் தோர்ணக்கல் பேராலயம் திறக்கப்பட்டது. கால் நூற்றாண்டாக எழுந்த கட்டடம் அது. கோயில் மண்டபத்தை ஒத்த தூண்கள், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்களும் மினார்களும், தாமரையின்மேல் சிலுவை என அதன் அமைப்பு கலப்பானது. கிராமச் சபையாரின் காணிக்கைக்கும் அதில் இடமுண்டு. டோனாவூரைப் போல அதற்குக் கொடையாளி ஒருவரின் பெயர் இடப்படவில்லை. திருவெளிப்பாட்டுப் பேராலயம் என்பதே பெயர்.

1945 ஜனவரி 1ஆம் நாள் அசரியா தோர்ணக்கல்லில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபோது அதனைக் காண அவர் இல்லை. மதுக்கரை முதல் ஈரோடு வரையிலான பகுதியையும் தன் எல்லைக்குள் கொண்ட கோயம்புத்தூர்த் திருமண்டலம் 1950இல் அமைந்தது. அதன் முதல் பேராயராக வந்தவர் பக்தி நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்புநோக்கி நூல்கள் எழுதிய ஏ. ஜே. அப்பாசாமி, அவர் பிறந்த ஊர், இந்திய மிஷனரி சங்கம் தோன்றிய பாளையங்கோட்டை.